பிள்ளைகளின் காதை விட்டுவிடுங்கள்

பதிவு நீளம். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குரூப்பில் ஒரு வீடியோ சுற்றியது. பேனா மாதிரி ஒரு கருவி, நுனியில் கேமரா, அதோடு ஒட்டிய சின்னக் கரண்டி. ஒரு கைக்குழந்தையின் காதுக்குள் அதை விட்டு, மஞ்சளாக எதையோ தோண்டி எடுத்து, செல்போன் திரையில் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். "அப்பப்பா, எவ்வளவு அழுக்கு!" என்று பின்னால் ஒரு குரல். நம் ஆட்கள் கீழே வரிசையாக இதயம் போட்டிருக்கிறார்கள். அது போதாதென்று, கோத்தகிரியில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறாள்: "டீச்சர், பாப்பாவுக்கு இந்தக் கேமரா வாங்கலாமா, இல்ல பட்ஸே போதுமா?"

இரண்டும் வேண்டாம் கண்ணு. உனக்கு அன்றே ஒரு வரியில் பதில் போட்டுவிட்டேன். இதயம் போட்ட பெரியவர்களுக்கு ஒரு வரி போதாது. அவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த "அழுக்கு" என்ற சொல்லோடுதான் என் சண்டை. காதில் ஊறுவதற்குத் தமிழில் குறும்பி என்று தனிப் பெயர் இருக்கிறது. நம் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளம் பேசுகிறவர்கள் செவிக்காயம் என்பார்கள். பெயர் வைத்தவர்களுக்கு அது தனிப் பொருள் என்று தெரிந்திருக்கிறது. நாமோ அந்தப் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, "காதுல அழுக்கு" என்று சொல்லப் பழகிவிட்டோம். கண்ணீரை யாராவது கண் அழுக்கு என்கிறோமா? எச்சிலை வாய் அழுக்கு என்கிறோமா? அழுக்கு என்று பெயர் வைத்தால் அடுத்த நிமிடமே அதைத் துடைக்க ஒரு துணியும் தோண்ட ஒரு குச்சியும் தேடத் தோன்றும். விற்கிறவனுக்கு அது போதும்.

குறும்பி எப்படி உண்டாகிறது என்று சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையில் காது படம் போட்டது நினைவிருக்கிறதா? வெளியே மடல், உள்ளே குழல், அதன் முடிவில் செவிப்பறை. பெரியவர்களுக்கு அந்தக் குழல் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. அதில் வாசல் பக்கம் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, உள்ளே மீதிப் பங்கு எலும்பு. மயிரும் சுரப்பிகளும் வாசல் பக்கப் பங்கில் மட்டும்தான். அங்கே ஒரு சுரப்பி எண்ணெய்ப் பசையைக் கொடுக்கிறது, இன்னொன்று வியர்வைச் சுரப்பிக்குச் சொந்தக்காரன். இந்த இரண்டு சுரப்போடும் உதிர்ந்த தோல் செதில்கள் சேர்ந்தால் குறும்பி. அதில் பாதிக்கு மேல் நம் தோல்தான். மீதியில் கொழுப்பு அமிலங்களும் கொலஸ்டிராலும் உண்டு. பிசுபிசுப்பாக இருப்பதால் தூசியும் சின்னப் பூச்சியும் ஒட்டிக்கொள்ளும். லேசான அமிலத்தன்மை இருப்பதால் கிருமியும் பூஞ்சையும் எளிதில் தழைக்காது. தண்ணீர் ஊறிக் குழலின் தோல் நமத்துப் போகாமலும் அது காக்கிறது. ஆறு மாதம் மழையும் மூடுபனியுமாக வாழும் நமக்கு இதைவிட நல்ல ரெயின்கோட் எந்தக் கடையில் கிடைக்கும்?

அதைவிட ஆச்சரியம் ஒன்று. கையில் இருக்கும் தோல் இருந்த இடத்திலேயே உதிர்கிறது. காதுக்குள் இருக்கும் தோல் நடக்கிறது! செவிப்பறையின் நடுவிலிருந்து கிளம்பி, ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில், வாசலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. வரும்போது பழைய குறும்பியையும் சுமந்து வருகிறது. நாம் பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைந்து அதைத் தள்ளிவிடுகிறது. தேயிலைப் ஃபேக்டரியில் கன்வேயர் பெல்ட் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வாசலுக்கு வந்ததை முகம் கழுவும்போது ஈரத் துணியால் துடைத்தால் வேலை முடிந்தது. காது தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறது.

சிலருக்குக் குறும்பி தேன் மாதிரி ஈரமாகவும் சிலருக்குத் தவிடு மாதிரி உலர்ந்தும் இருக்கும். "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று பயப்படாதீர்கள். ஒரே ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறுவதால் வரும் வித்தியாசம் அது என்று 2006இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். சீனா, கொரியா, ஜப்பான் பக்கம் உலர்ந்தது அதிகம். ஐரோப்பா, ஆப்பிரிக்கா பக்கம் ஈரம் அதிகம்.

இதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள், விழிவிரியக் கேட்பார்கள். நீலத் திமிங்கிலத்துக்குக் குறும்பி வெளியே வர வழியில்லை. ஆண்டாண்டாக அடுக்கடுக்காகச் சேரும், மரத்தின் வளையம் போல. 2007இல் கலிபோர்னியா கடலில் கப்பல் மோதி இறந்த ஒரு திமிங்கிலத்தின் காதிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் நீளக் குறும்பியை எடுத்து வைத்திருந்தார்கள். அதை அடுக்கு அடுக்காகப் பிரித்து ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். அது எந்த வயதில் பருவமடைந்தது, எப்போது பதற்றத்தில் இருந்தது, எந்தப் பூச்சிமருந்து எந்த வயதில் உடம்பில் ஏறியது, எல்லாம் அதில் பதிவாகியிருந்தது. நாம் குச்சியில் எடுத்துக் குப்பையில் போடுகிற சமாச்சாரம்!

சரி, பட்ஸுக்கு வருவோம். 1920களில் அமெரிக்காவில் ஒருவர், குழந்தையைத் துடைக்கப் பல்குத்தும் குச்சியில் மனைவி பஞ்சு சுற்றுவதைப் பார்த்துவிட்டு இதைச் செய்து விற்க ஆரம்பித்தார் என்பது கதை. அதே பட்ஸ் பெட்டியை இன்று எடுத்துப் படித்துப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள், எறும்பு எழுத்தில் இருக்கும்: காதுக் குழலுக்குள் விடாதீர்கள். காதுக்கென்று நாம் வாங்கும் பொருளில், காதுக்குள் விடாதே என்று தயாரித்தவனே அச்சடித்திருக்கிறான். ஏதாவது ஆனால் அவன் தப்பிக்க அந்த வரி. உங்கள் பிள்ளை தப்பிக்க என்ன இருக்கிறது?

பட்ஸ் என்ன செய்கிறது என்றால், பஞ்சில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருகிறது, அதைப் பார்த்து நாம் திருப்திப்படுகிறோம். மீதியை அது உள்ளே தள்ளுகிறது, துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பது போல. சுரப்பி வாசல் பக்கம்தானே இருக்கிறது என்று முன்னே சொன்னேன்? அப்படியானால் செவிப்பறையை ஒட்டிக் குறும்பிக் கட்டி இருந்தால், பெரும்பாலும் அதை யாரோ அங்கே தள்ளியிருக்கிறார்கள் என்றுதான் பொருள். தள்ளியவர் அம்மா. தள்ளிய காரணம் அன்பு.

"குடைஞ்சா சுகமா இருக்கே டீச்சர்" என்பவர்களுக்கு: இருக்கும். காதுக் குழலின் தோலில் நரம்புகள் நெருக்கமாக ஓடுகின்றன. சிலருக்குக் காதைத் தொட்டாலே இருமல் வருவதும் அதனால்தான். ஆனால் பஞ்சால் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டால் தோல் காயும், காய்ந்தால் அரிக்கும், அரித்தால் மறுபடி குடைவீர்கள். சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? செவிப்பறையின் கனம் சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர். அதற்குப் பின்னால்தான் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்புகள் மூன்று தொங்குகின்றன. பக்கத்தில் இன்னொரு குழந்தை ஓடிவந்து முழங்கையில் இடித்தால் போதும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரை, பட்ஸால் காதைக் காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்த 18 வயதுக்குட்பட்டவர்கள் சுமார் 2,63,000 பேர். ஒரு நாளைக்கு 34 பிள்ளைகள். கிட்டத்தட்ட நான்கில் மூன்று சம்பவங்களில் காரணம் "காதைச் சுத்தம் செய்தது". பெரும்பாலும் பட்ஸ் பிள்ளையின் கையிலேயே இருந்திருக்கிறது. நாம் செய்வதைப் பார்த்துத்தானே அவர்கள் செய்கிறார்கள்.

நம் அரசாங்கமும் பட்ஸைத் தடை செய்தது, தெரியுமா? 1.7.2022 முதல் நாடு முழுக்க பிளாஸ்டிக் குச்சி வைத்த பட்ஸுக்குத் தடை. காதுக்காக இல்லை, குப்பைக்காக! உடனே காகிதக் குச்சியிலும் மூங்கில் குச்சியிலும் வந்துவிட்டது. "இயற்கையானது" என்று இரண்டு மடங்கு விலை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் வண்டிகளை நிறுத்தி தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறோம், நல்லது, பார்க்கத்தான் வேண்டும். மலையின் காதில் பிளாஸ்டிக் அடைக்கக் கூடாது என்பதில் நமக்கு இருக்கும் அக்கறையில் பாதி பிள்ளையின் காதுக்கும் இருக்கட்டும்.

இனி, "எங்க பாட்டி செய்யலையா?" என்ற கேள்வி. செய்தார்கள். முள்வாங்கியோடு குறும்பிவாங்கியும் ஒரே வளையத்தில் கோத்து வைத்திருப்பார்கள். ஹரப்பாவிலேயே செம்பில் செய்த காதுக்குரும்பைக் கரண்டி கிடைத்திருக்கிறது. டெல்லியிலும் மும்பையிலும் சிவப்புத் தலைப்பாகையோடு தெருவில் காது குடைந்து பிழைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் காலத்தில் காது ஒழுகிய பிள்ளைகளும் செவிடான பெரியவர்களும் எத்தனை பேர் என்று எந்தப் பாட்டியும் கணக்கு வைக்கவில்லை, அவ்வளவுதான். "சின்ன வயசுல காதுல சீழ் வந்துச்சு, அதுல இருந்து மந்தம்" என்று ஒரு பெரியப்பாவோ அத்தையோ இல்லாத வீடு நம் சொந்தத்தில் இருக்கிறதா?

எண்ணெயும் அப்படித்தான். கட்டியைத் தளர்த்த டாக்டரே எண்ணெய்ச் சொட்டு மருந்து தருவது உண்டு. எண்ணெய் விஷம் என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை தோறும் தலைக்கு வைத்த எண்ணெயைக் காய்ச்சிக் காதிலும் ஊற்றுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேரே நடுச்செவிக்குப் போகும். ஈரமும் எண்ணெயும் தேங்கினால் பூஞ்சை வரும். சூடு கொஞ்சம் தப்பினால் வெந்துபோகும். காதுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து "உறிஞ்சி எடுக்கிறோம்" என்று ஒரு வியாபாரமும் இருக்கிறது. எரிந்து முடிந்தபின் கூம்புக்குள் காட்டுகிற மஞ்சள் பொருள் அந்த மெழுகுவர்த்தியின் மெழுகுதான்.

நம் மலைக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம். பஸ்ஸில் இறங்கும்போது காது அடைக்கும். உடனே "காதுல அழுக்கு அடைச்சிருக்கு" என்று அம்மா பையிலிருந்து கொண்டை ஊசியை எடுப்பாள். பதினான்கு கொண்டை ஊசி வளைவு ரோட்டில் இருக்கிறது, போதாதா? அந்த அடைப்பு செவிப்பறைக்கு வெளியே இல்லை, உள்ளே. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. கீழே இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடுகிறது. அந்தக் குழாய் திறந்து உள்ளேயும் சமமாகும் வரை அடைப்புத் தெரியும். கொட்டாவி விட்டால், எச்சில் விழுங்கினால், மிட்டாய் சப்பினால் சரியாகும். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். சளி பிடித்திருந்தால் திறக்க நேரமாகும். ஊசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இப்போது எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம். பள்ளிக்கூடம்.

நான் வேலை பார்த்த ஓர் எஸ்டேட் பள்ளி. பெயர் வேண்டாம். சுவரில் சுத்தச் சார்ட் தொங்கும்: நகம், பல், தலை, உடை, காது. திங்கள்கிழமை காலை வழிபாட்டில் வகுப்புத் தலைவன் வரிசையாகப் பார்த்து டிக்கோ பெருக்கல் குறியோ போடுவான். எட்டு வயதுப் பையன் இன்னொரு பிள்ளையின் காதுக்குள் எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வான்! நான்காம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குக் காதுக் கட்டத்தில் தொடர்ந்து பெருக்கல் குறி. அவள் அம்மா கொழுந்து எடுக்கப் போகிறவர். பிள்ளை அழுதுகொண்டு வந்து சொன்னால் அந்தத் தாய் என்ன செய்வார்? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி லைன் வீட்டின் மங்கல் விளக்கில் உட்கார்ந்து கொண்டை ஊசியால் எடுத்திருக்கிறார், வாரா வாரம். திங்கள்கிழமை டிக் விழுந்தது. வருஷக் கடைசியில் இடது காது ஒழுக ஆரம்பித்தது.

அடுத்த வருஷம் என் வகுப்புக்கு வந்தாள். "மந்தம், கவனம் இல்லை, கடைசி பெஞ்ச்" என்று முன்னாலேயே சொல்லித்தான் அனுப்பினார்கள். சொல்வதை எழுதுதலில் "தட்டு" என்றால் "பட்டு" என்று எழுதுவாள், "கல்" என்றால் "பல்". பார்த்து எழுதச் சொன்னால் ஒரு பிழை இல்லை. கூப்பிட்டால் தலையை ஒரு பக்கமாகத் திருப்புவாள். காது டாக்டரிடம் அனுப்பிப் பார்த்தால், இடது செவிப்பறையில் ஓட்டை, வலது காதில் உள்ளே தள்ளப்பட்டுக் கெட்டித்துப்போன குறும்பி. வலது பக்கம் சொட்டு மருந்து போட்டு இளக வைத்து எடுத்ததும் சரியாகிவிட்டது. வெளியே வந்தவள், மழை தகரத்தில் விழுகிற சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டாளாம். அவள் அம்மா சொன்னார். இடது காதுக்குப் பல வருஷம் கழித்துக் கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். எத்தனை நாள் கூலி போனது என்று அவர்களுக்குத்தான் தெரியும். பாடத்தில் போன ஒரு வருஷத்தை எந்த ஆபரேஷனும் திருப்பித் தரவில்லை.

அந்தப் பிள்ளைக்கு நோய் எதுவும் வரவில்லை. சார்ட்தான் வந்தது.

குறும்பி குழலை முழுதாக அடைத்தால் 30, 40 டெசிபல் வரை கேட்பது குறையலாம். மெதுவாகப் பேசுவது காதில் விழாது, வகுப்புச் சத்தத்தில் பாதி வார்த்தை போய்விடும். பத்தில் ஒரு பிள்ளைக்கு இந்த அடைப்பு இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நாற்பது பேர் வகுப்பில் நான்கு பேர்! "காதுல பஞ்சா வச்சிருக்க?" என்று கேட்கும் ஆசிரியர்களே, சில சமயம் நிஜமாகவே ஏதோ இருக்கிறது. காதைத் திருகுவதும் கன்னத்தோடு சேர்த்துக் காதில் அறைவதும் இன்னும் ஒழியவில்லை என்று கேள்விப்படுகிறேன். காதின் மேல் விழும் ஓர் அறையில் உள்ளே அழுங்கும் காற்றே செவிப்பறையைக் கிழித்துவிடும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடியைத் தடை செய்திருக்கிறது. சட்டம் தெரியாவிட்டால் காது படத்தையாவது பாருங்கள்.

என் வயதுக்காரர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நமக்குச் சுரப்பு உலர்ந்துபோகும், காது மயிர் முரடாகும், தாடை அசைவும் குறையும். அதனால் வயதானவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அடைப்பு வருகிறது. காது மெஷின் போட்டால் இன்னும் அதிகம். மெஷின் கீச்சென்று கத்தினால் பேட்டரியைத் திட்டாமல் முதலில் காதைக் காட்டுங்கள். அடைப்பு வந்தால் எடுக்கத்தான் வேண்டும், டாக்டர் எடுக்க வேண்டும். அவரிடம் வெளிச்சமும் உறிஞ்சும் கருவியும் இருக்கிறது, படிப்பும் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள், முன்னே காது ஒழுகியவர்கள், ஆபரேஷன் செய்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவர்களுக்குத் தண்ணீர் பீய்ச்சுவது ஆபத்தாகலாம்.

சொட்டு மருந்து தந்தால், நம் ஊர்க் குளிரில் அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே விடாதீர்கள், தலை சுற்றும். பாட்டிலை உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்து உடம்புச் சூடு வந்தபின் விடுங்கள். காதில் பச்சைத் தண்ணீர் விட்டால் ஏன் தலை சுற்றுகிறது என்று யோசித்த வியன்னா டாக்டர் ராபர்ட் பாராணி, உடம்பின் சமநிலை உள்செவியில் இருக்கிறது என்பதை அதைக் கொண்டே ஆராய்ந்தார். 1914ஆம் ஆண்டு நோபல் பரிசே கிடைத்தது.

ஃபேக்டரியில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்த அண்ணன்மார்களே, மச்சான்மார்களே, உங்களுக்குத் தனியாக. இலை வாட்டும் விசிறியும் சி.டி.சி. மெஷினும் கத்திய கத்தலில் போன கேள்வி, குறும்பியை எடுத்தால் திரும்பாது. அது உள்செவி நரம்பின் சேதம். "காது அடைச்சிருக்கு" என்று நாமே முடிவு செய்து வருஷக் கணக்கில் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்காமல் ஒரு முறை கேட்கும் திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். இப்போது தோட்டத்தில் மெஷினால் கொழுந்து வெட்டுகிற தம்பிகள் இன்றைக்கே காதை மூடிக்கொள்ளட்டும்.

கடைசியாக, இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு. உங்கள் பள்ளிச் சுவரில் இன்னும் அந்தச் சார்ட் இருந்தால், காதுக் கட்டத்தை அடித்துவிடுங்கள். தலைமையாசிரியர் கேட்டால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். அந்த இடத்தில் வருஷத்துக்கு இரண்டு முறை இதைச் செய்யுங்கள். பிள்ளைக்குப் பின்னால் ஒரு கை நீளத் தூரத்தில் நில்லுங்கள், உதடு தெரியக் கூடாது. ஒரு காதை அவன் விரலால் மூடிக்கொள்ளட்டும். மூச்சை வெளியே விட்டபின், கிசுகிசுப்பாக மூன்று வார்த்தை சொல்லுங்கள்: கல், பட்டு, ஏழு, இப்படி ஏதாவது. திருப்பிச் சொல்கிறானா என்று பாருங்கள். அடுத்த காதுக்கு வேறு மூன்று. சொல்லத் திணறினால் இன்னொரு நாள் பாருங்கள், சளியாக இருக்கலாம். மறுபடியும் திணறினால் பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் பெயரைக் கொடுங்கள். 2013 முதல் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் காது கேளாமையும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. அதுவரை அந்தப் பிள்ளையை முன் பெஞ்சில் உட்கார வையுங்கள். பிள்ளைகளுக்கு வரும் செவித்திறன் குறைவில் 60 சதவீதம் தடுக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் நம் கைக்கு எட்டுவது இது.

எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எத்தனை பேர் திணறினார்கள் என்று கீழே எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரை மட்டும் போடாதீர்கள்.